தெருவில் இருவர்: பெருந்தொற்றுக் காலத்தில் வீடற்றோர் உடல்நலம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பேருந்து நிலையம் ஒன்றின் வெளிக்கூரைக்குக் கீழே பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்துவந்த இரண்டு ஆண்களைப் பற்றியது இந்தப் பதிவு. இருவருக்கும் இடையில் இரத்த உறவு கிடையாது. மூத்தவர் ஐம்பதுகளின் நடுவில் இருந்தார். சுமை தூக்கிப் பிழைத்தவர். இளையவருக்கு முப்பதுக்குச் சற்று மேல். பழைய காகிதமும் அட்டையும் சேகரித்து விற்றுவந்தார். இளையவர் மூத்தவரை ‘அண்ணன்’ என்பார். மூத்தவருக்கு அவர் ‘தம்பி’. இருவரின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். ஊர், முகாம், மருத்துவமனை ஆகியவற்றின் அடையாளங்களும் ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களும் விடப்பட்டுள்ளன.

மூத்தவருக்குச் சர்க்கரை நோய். இளையவருக்கு மனச்சிதைவு நோய். மாதம் ஒருமுறை போடும் நீண்டநாள் ஊசியால் நிதானத்தில் இருந்தார். ஊசி போடும் நாளை நினைவில் வைத்திருந்து, விடியற்காலையில் எழுப்பி, மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது மூத்தவர். மூத்தவரின் பாதத்தைக் கழுவிப் பார்ப்பது, தண்ணீர் சுமந்துவருவது, வரிசையில் நின்று உணவு வாங்கிவருவது இளையவர். ஒருவரின் சிகிச்சை மற்றவரின் கையில் இருந்தது. இது எந்த மருத்துவச் சீட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. பின்னால் நடந்தவற்றுக்கு இதுவே காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதை ஒட்டி வந்த ஊரடங்கில் பேருந்துகள் நின்றன, சுமை வேலை நின்றது, காகிதம் வாங்கும் கடை மூடப்பட்டது. நிலையத்தின் கழிப்பறை பூட்டப்பட்டது. அதன் சுவரை ஒட்டியிருந்த குழாயும் அதோடு போயிற்று. அவசரமில்லாத புறநோயாளிப் பிரிவுகளை மருத்துவமனை நிறுத்தியது. நீண்டநாள் ஊசி போடும் பிரிவும் அந்தப் பட்டியலில் இருந்தது. ‘வீட்டிலேயே இருங்கள், கைகளை அடிக்கடி கழுவுங்கள்’ என்று ஒலிபெருக்கி வண்டிகள் அந்தக் கூரையைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

முதல் சந்திப்பில் கண்டவை

தெருவில் வாழ்வோரைத் தேடிச் சென்று மருத்துவம் பார்க்கும் எங்கள் சிறு குழு ஏப்ரலில் அவர்களைச் சந்தித்தது. மூத்தவரின் வலது பாதத்தில், இரண்டாம் விரலின் அடியில் ஒரு புண். வலி இல்லை என்றார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தபோது பெரும்பாலான இடங்களில் அவருக்குத் தொடுகை தெரியவில்லை. வலி இல்லாதது அவருக்கு ஆறுதலாக இருந்தது. எங்களுக்கு அதுதான் கவலை. வலிக்காத பாதத்தை ஊன்றி மனிதன் நடந்துகொண்டே இருப்பான், புண் ஆழமாகிக்கொண்டே போகும். பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாக இருந்தது. புண்ணுக்குள் கருவியைச் செலுத்திப் பார்த்தபோது எலும்பு தட்டவில்லை; புண் அவ்வளவு ஆழம் போயிருக்கவில்லை. அப்போதைய இரத்தச் சர்க்கரை 342. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 10.4 சதவீதம்.

அவரிடம் கிளிபென்கிளமைடு மாத்திரைகள் கைநிறைய இருந்தன. விழுங்குவதைத்தான் நிறுத்தியிருந்தார். “மாத்திரை போட்ட நாளில் சாப்பாடு வரவில்லை என்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு தடவை விழுந்துவிட்டேன்” என்றார். ‘மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாதவர்’ என்று பழைய சீட்டில் யாரோ குறித்திருந்தார்கள். அந்த மாத்திரை, உணவு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் உடலை இன்சுலின் சுரக்கவைக்கும். ஒருநாள் உணவு எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்றே தெரியாத ஒருவர் அதைத் தள்ளிவைத்தது தன் உயிரைக் காத்துக்கொள்ளச் செய்த காரியம். அந்தக் குறிப்பை எழுதியவர், சாப்பாடு எத்தனை வேளை என்று ஒருமுறை கேட்டிருக்கலாம்.

வாழ்க்கைத் தரத்தை அளக்க இக்யூ-5டி என்ற வினாத்தாளைப் பயன்படுத்தினோம். நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல், அன்றாடக் காரியங்கள், வலி, பதற்றமும் மனச்சோர்வும் என ஐந்து கூறுகளை அது கேட்கும். கடைசியில், இன்றைய உடல்நலத்துக்குப் பூஜ்யம் முதல் நூறு வரை எவ்வளவு கொடுப்பீர்கள் என்று ஓர் அளவுகோல். மூத்தவர் 35 என்றார். ‘ஏன் 35?’ என்று கேட்டது வினாத்தாளில் இல்லாத கேள்வி. புண்ணைச் சொல்வார், சர்க்கரையைச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் கழிப்பறையைச் சொன்னார்.

“இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதனால் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை.”

சர்க்கரை 300-க்கு மேல் போனால் சிறுநீர் அதிகமாகப் பிரியும், உடல் வறளும், தாகம் எடுக்கும். அந்தத் தாகத்தை ஒரு மனிதர் பகல் முழுவதும் வெயிலில் அடக்கிக்கொண்டிருந்தார், ஒரு கதவு பூட்டப்பட்டிருந்ததால். நோய்த்தொற்றைத் தடுப்பதற்காகப் பூட்டப்பட்ட கதவு அது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

இளையவருக்கு அந்த மாதத்து ஊசி தவறியிருந்தது. தூக்கம் குறைந்திருந்தது, கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு முன் வேறு எதையோ கேட்பவர்போலத் தலையைத் திருப்பினார். நாள்பட்ட இருமலும் இருந்தது. பெருந்தொற்றின் போக்கில் எல்லா இருமலும் கோவிட் இருமலாகவே பார்க்கப்பட்ட காலம் அது. நெரிசலில் உறங்குவோரிடம் காசநோய் அதிகம் என்பதால் சளியைக் காசநோய்க்கும் சோதிக்க அனுப்பினோம். இரண்டும் இல்லை என்று வந்தது.

தெருவிலேயே எடுத்த முடிவுகள்

கிளிபென்கிளமைடை நிறுத்தினோம். சிறுநீரகச் சோதனை சரியாக இருந்ததால் மெட்ஃபார்மின் தொடங்கினோம். அது தனியாக உட்கொள்ளும்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. புண்ணுள்ளவருக்கு இன்சுலின் விரைவாகப் பலன் தரும் என்று குழுவில் ஒருவர் வாதிட்டார். அது சரியான வாதம்தான். ஆனால் உணவு நிச்சயமில்லாத இடத்தில் இன்சுலின் கொடுப்பது, மாத்திரையால் இரண்டு தடவை விழுந்தவரை மூன்றாம் தடவை எழுந்திருக்க முடியாதபடி விழவைக்கலாம். எச்பிஏ1சி இலக்கை வழக்கமான 7-லிருந்து 8 சதவீதத்துக்குத் தளர்த்திக்கொண்டோம்.

புண்ணுக்கு மருந்தைவிட ஓய்வு முக்கியம். உணவு வழங்கும் இடமோ நீண்ட நடைத் தொலைவில் இருந்தது. தன்னால் முடிந்த நாட்களில் இளையவர் இருவருக்குமாக வாங்கிவர முயன்றிருக்கிறார்; ஒருவருக்கு ஒரு பொட்டலம் என்ற விதியால் மூத்தவரும் நடந்தே போக வேண்டியிருந்தது. உணவு வழங்கும் அமைப்பிடம் பேசி, எங்கள் சீட்டைக் காட்டினால் இரண்டு பொட்டலம் தருவதாக ஒப்புக்கொள்ள வைத்தோம். அந்த ஒரு துண்டுச் சீட்டு, நாங்கள் கொடுத்த களிம்புகளைவிட அந்தப் பாதத்துக்கு அதிக நன்மை செய்திருக்கும்.

இளையவருக்கான ஊசியை மருத்துவமனையிலிருந்து பெற்று, குழுவின் செவிலியர் பேருந்து நிலையத்துக்கே வந்து போட்டார். அடுத்த ஊசி நாளை மூத்தவரிடம்தான் சொல்லிவைத்தோம்.

கழிப்பறையைத் திறக்கக் கோரி எழுதிய கடிதத்துக்குப் பல வாரங்கள் பதில் இல்லை.

முகாமுக்குப் போவதா?

மே மாதம், ஒரு பெரிய கூடத்தில் தற்காலிக முகாம் திறக்கப்பட்டது. மூன்று வேளை உணவு, குளியலறை, கழிப்பறை, படுக்கை. ஏறத்தாழ எழுபது பேர் ஒரே கூடத்தில். கையை நீட்டினால் அடுத்த படுக்கை. வாசலில் காய்ச்சல் பார்த்து உள்ளே விட்டார்கள்.

காய்ச்சல் சோதனையை நாங்கள் நம்பவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் பாஸ்டன் நகரின் ஒரு பெரிய உறைவிடத்தில் 408 பேரைச் சோதித்தபோது 147 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் காய்ச்சல் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வாசலில் நிற்கும் வெப்பமானி எவரையும் தடுக்காது, உள்ளே இருப்பவர்களுக்குப் பொய்யான நிம்மதியை மட்டும் கொடுக்கும். மறுபக்கம், தெருவில் இருந்தால் அந்தப் பாதம் தப்பாது என்பது தெளிவாகத் தெரிந்தது. தொற்று வரலாம், வராமலும் போகலாம்; நடந்தால் புண் ஆழமாவது உறுதி. இதை இருவரிடமும் மறைக்காமல் சொன்னோம். போவது என்று அவர்களே முடிவெடுத்தார்கள்.

ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு முகாமின் பின்புறம் சிறிய தனிக் கட்டடம் ஒன்று இருந்தது. ஓர் அறைக்கு இருவர் மட்டும். அதில் சேர அறுபது வயது நிறைந்திருக்க வேண்டும். மூத்தவருக்கு நிறையவில்லை. வீடற்று வாழ்பவர்களின் உடல் விரைவில் மூப்படைகிறது. வீடுள்ளவர்களிடம் எழுபதுகளில் காணும் தளர்ச்சி இவர்களிடம் ஐம்பதுகளிலேயே வந்துவிடுகிறது. இதை எடுத்துச் சொல்லி, புண்ணையும் சர்க்கரை அளவையும் காட்டி வாதாடிய பிறகு அவருக்கு இடம் கிடைத்தது. இளையவருக்கு விதியில் இடமில்லை. அவருடைய நோய், கோவிட் ஆபத்துப் பட்டியலில் இருக்கவில்லை. அவர் பெரிய கூடத்துக்குப் போனார். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே வேலி இருந்தது. தொற்றுத் தடுப்புக்காக அதைக் கடக்க அனுமதி இல்லை.

சர்க்கரை இறங்கியது, மதிப்பெண்ணும் இறங்கியது

முதல் ஆறு வாரங்களில் மூத்தவரின் உடல்நிலை, காகிதத்தில் பார்த்தால், மிகச் சிறப்பாக இருந்தது. இரத்தச் சர்க்கரை 160-க்கும் 190-க்கும் இடையில் நின்றது. புண் பாதியாகச் சுருங்கியது. எடை கூடியது. இக்யூ-5டி அளவுகோலில் தன் நலத்துக்கு அவர் கொடுத்த மதிப்பெண் 25. தெருவில் கொடுத்ததைவிடப் பத்துக் குறைவு.

ஐந்து கூறுகளில் நடமாட்டம் மேம்பட்டிருந்தது. வலி எதுவும் இல்லை என்றே முன்போலச் சொன்னார். பதற்றமும் மனச்சோர்வும் என்ற கூறில் மட்டும் கடைசிப் படிக்கு இறங்கியிருந்தார். காரணம் கேட்டோம். “தம்பிக்கு ஊசி நாள் வந்து போய்விட்டது. போட்டார்களா என்று யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்” என்றார். அன்றாடக் காரியங்கள் என்ற கூறை வாசித்தபோது, தனக்கு இங்கே காரியமே இல்லையே என்று திருப்பிக் கேட்டார். தெருவில் அவருக்குக் காரியம் இருந்தது. இரவில் மற்றவர்களின் மூட்டைகளுக்குக் காவல் இருப்பார். விடியலில் தம்பியை எழுப்புவார். முகாமில் உணவு வந்தது, விளக்கு அணைந்தது, மறுபடி உணவு வந்தது.

அவர் பயந்ததுபோலவே ஊசி போடப்படவில்லை. முகாமின் மருத்துவப் பதிவேட்டில் காய்ச்சல், இருமல், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. மாத ஊசிக்கு இல்லை. முகாமுக்குள் வெளிக்குழுக்கள் வாரம் ஒருநாள் மட்டும், தனிக் கட்டடத்துக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்ததால் இளையவரை நாங்கள் பார்க்க முடியவில்லை. அவருக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கியதைப் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கவனித்திருக்கிறார்கள். நோயின் அறிகுறியை ஒழுங்கீனம் என்று முகாம் எடுத்துக்கொண்டது. ஜூன் இறுதியில் ஓர் இரவு அவர் வெளியேறினார். பதிவேட்டில் ‘தன் விருப்பப்படி சென்றார்’ என்று எழுதப்பட்டது. மூத்தவருக்கு அது நான்கு நாட்கள் கழித்துத் தெரிந்தது.

தொற்று

ஜூலையில் பெரிய கூடத்தில் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. எங்கள் வற்புறுத்தலுக்குப் பிறகு அறிகுறி இல்லாதவர்கள் உட்பட எல்லோருக்கும் பிசிஆர் சோதனை செய்யப்பட்டது. தொற்றியிருந்தவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தனிக் கட்டடத்துக்குள்ளும் அது வந்திருந்தது. குடியிருப்போர் கடக்க முடியாத வேலியைப் பணியாளர்கள் ஒரு நாளைக்குப் பலமுறை கடந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கட்டடங்களுக்கும் ஒரே துப்புரவுப் பணியாளர்கள், ஒரே உணவு வண்டி. அவர்களுக்குப் போதுமான முகக்கவசமும் தரப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மூத்தவருக்குத் தொற்று இருந்தது. இரண்டு நாள் காய்ச்சல், கடும் அசதி. தனிமை அறையில் பல்ஸ் ஆக்சிமீட்டரால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆக்சிஜன் அளவு பார்க்கப்பட்டது. 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனை என்று வரையறுத்தோம். 95-க்குக் கீழே இறங்கவில்லை. முன்னெச்சரிக்கையாக ஸ்டீராய்டு கொடுத்துவிடலாம் என்ற யோசனை முகாமிலிருந்து வந்தது. டெக்சாமெத்தசோன் உயிரிழப்பைக் குறைக்கிறது என்ற செய்தி ஜூனில்தான் பிரிட்டனின் ரிகவரி ஆய்விலிருந்து வெளியாகி, எல்லோர் வாயிலும் இருந்தது. அதே ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்றும் சொன்னது. இவருக்கு ஆக்சிஜன் தேவைப்படவில்லை. ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் சர்க்கரை எகிறியிருக்கும், புண் பழுத்திருக்கும். கொடுக்கவில்லை. தொற்றினாலேயே சர்க்கரை 300-ஐத் தொட்டபோது சிறு அளவில் இன்சுலின் தொடங்கினோம். மூன்று வேளை உணவும் பக்கத்தில் செவிலியரும் இருந்ததால் தெருவில் துணியாத இன்சுலினை இங்கே துணிய முடிந்தது. தேறிய பிறகு மறுபடி மாத்திரைக்கே மாற்றினோம்.

நுரையீரல் பாதிப்பின்றித் தேறினார். தனிமைக் காலம் முடிந்த மறுநாள் காலை முகாமைவிட்டு நடந்து போய்விட்டார்.

தேடிப் போனவர்

அவரைத் தப்பியோடியவர் என்று முகாம் குறித்தது. அவர் தம்பியைத் தேடிப் போயிருந்தார். எங்கே தேடினார், எவ்வளவு நடந்தார் என்பதை அவரே பிறகு சொன்னார்: நிலையம், பாலத்தின் அடி, மூடிக்கிடந்த காகிதக் கடை, மறுபடி நிலையம். உணர்ச்சியற்ற பாதத்தோடு, பாதி ஆறிய புண்ணோடு. ஆகஸ்டு நடுவில் இருவரையும் பழைய கூரையின் கீழேயே கண்டோம். இளையவர் மெலிந்து, யாரையும் கிட்டே விடாமல் இருந்தார். மூத்தவர் பக்கத்தில் இருந்ததால் மட்டும் ஊசிக்குக் கையை நீட்டினார்.

மூத்தவரின் இரண்டாம் விரல் வீங்கிச் சிவந்திருந்தது. இம்முறை கருவி எலும்பைத் தட்டியது. எக்ஸ்-ரேயிலும் எலும்பு அரித்திருப்பது தெரிந்தது. சேர்க்கைக்குத் துணையாள் வேண்டும் என்றது மருத்துவமனை. அதே மருத்துவமனை, தொற்றுக் காரணமாகத் துணையாளை உள்ளே விடமாட்டோம் என்றும் சொன்னது. கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும், உடன் இருக்க ஒருவரும் கூடாது. குழுவின் சமூகப் பணியாளர் கையெழுத்திட்டார். விரல் அகற்றப்பட்டது.

மூன்றாம் நாள், வீட்டுக்கு அனுப்பத் தயார் என்று தகவல் வந்தது. எந்த வீட்டுக்கு என்று கேட்டோம். அறுவைப் புண்ணோடு நடைபாதைக்கு அனுப்பினால் அடுத்த விரலும் போகும் என்று எழுத்தில் கொடுத்து, இடம் கிடைக்கும்வரை வெளியே அனுப்பும் சீட்டு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். தலைமைச் செவிலியர் ஒருவர் எங்கள் பக்கம் நின்றார். அவர் இல்லாவிட்டால் நடந்திருக்காது.

இருவருக்கும் ஓர் அறை

காலியாகக் கிடந்த தங்கும் விடுதிகளில் வீடற்றோரைத் தனி அறைகளில் தங்கவைக்கும் திட்டம் அப்போது தொடங்கியிருந்தது. உலகின் பல நகரங்களில் இது முயலப்பட்டது. இங்கிலாந்தில் மார்ச் மாதமே ‘எல்லோரும் உள்ளே’ என்ற பெயரில் தெருவில் உறங்கியோரை அறைகளுக்கு மாற்றினார்கள். கூட்டாக உறங்கும் இடங்களை மூடியதும் தனி அறைகளும் சேர்ந்து முதல் அலையில் 266 மரணங்களைத் தடுத்திருக்கும் என்று பின்னர் ஒரு மாதிரிக் கணக்கீடு மதிப்பிட்டது. பாரிஸ் பகுதியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வீடற்றோரும் நிலையற்ற இடங்களில் வாழ்வோருமாக 818 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 52 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோனதன் தடயம் இருந்தது. எத்தனை பேர் ஒரே இடத்தில் நெருங்கி வாழ்கிறார்கள் என்பதே தொற்றைத் தீர்மானித்த பெரிய காரணமாக இருந்தது. ஒரு கூடத்தில் எழுபது பேரை வைத்துவிட்டு, அவர்கள் கை கழுவுவதில்லை என்று குறைசொல்வது நியாயமாகாது.

ஒருவருக்கு ஓர் அறை என்பது திட்டத்தின் விதி. நாங்கள் இருவருக்கு ஓர் அறை கேட்டோம். விதிக்குப் பின்னால் நல்ல காரணம் இருந்தது: ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றக் கூடாது. எங்கள் பதில், ஒரே வீட்டில் வாழும் கணவன் மனைவியை யாரும் பிரித்து வைப்பதில்லை என்பது. இந்த இருவரும் ஒரு குடும்பம். உறவுப் பத்திரம்தான் இல்லை. பிரித்ததால் முதல் முறை என்ன ஆயிற்று என்பதற்கு ஊசிப் பதிவும் எக்ஸ்-ரேயும் சாட்சி. அந்த இரண்டையும் இணைத்து விண்ணப்பம் கொடுத்தோம். இரண்டு கட்டில்கள் உள்ள அறை கிடைத்தது.

உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு, கூடவே குளியலறை. முதல் வாரம் மூத்தவர் பெரும்பாலும் தூங்கினார். இரவுக் காவல் இருந்து பழகியவருக்கு அப்படித் தூங்க முடிந்ததே எங்களுக்கு ஒரு நல்ல அறிகுறி. பாதத்தை இளையவர் தினமும் கழுவிக் கட்டினார். கட்டும் முறையைச் செவிலியர் அவருக்கே கற்றுக்கொடுத்தார். ஊசி நாளை மூத்தவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்தார். அக்டோபர் இறுதியில் அறுவைப் புண் முழுவதும் ஆறியது. ஆண்டு முடிவில் எச்பிஏ1சி 7.6. இளையவருக்குக் குரல்கள் ஓய்ந்தன. விடுதியின் துப்புரவுப் பணியில் பகுதிநேரமாகச் சேர்ந்தார்.

மூத்தவரின் மதிப்பெண் 70. அப்போது அவருக்கு ஒரு விரல் இல்லை, சுமை தூக்க முடியாது, வருமானம் இல்லை. தெருவில் 35, நல்ல சர்க்கரை அளவோடு முகாமில் 25, விரல் போன பிறகு இங்கே 70. ஆய்வகத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு இந்த மூன்று எண்களும் புரியாது.

தடுப்பூசியும் அதற்குப் பிறகும்

2021-இல் தடுப்பூசி வந்தபோது கைப்பேசி எண்ணும் அடையாள அட்டையும் கேட்டார்கள். இருவரிடமும் இரண்டும் இல்லை. குழுவின் எண்ணில் பதிந்து, அடையாள அட்டைக்குப் பதிலாகப் பொறுப்பேற்புக் கடிதம் கொடுத்தோம். மூத்தவர் தயங்கினார்; சர்க்கரைக்காரருக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவருக்குத்தான் முதலில் வேண்டும் என்று நாங்கள் விளக்கியதைவிட, இளையவர் சட்டையைக் கழற்றிவிட்டு முதலில் போய் உட்கார்ந்தது வேலை செய்தது. இரண்டு தவணைகளையும் இருவரும் ஒரே நாட்களில் போட்டுக்கொண்டார்கள்.

அந்த ஆண்டின் இறுதியில் விடுதித் திட்டம் முடிவுக்கு வந்தது. சுற்றுலா திரும்பிவிட்டது, அறைகள் வேண்டும். காலி செய்ய இரண்டு வாரம் அவகாசம். கால் ஊனத்தின் பேரில் மூத்தவருக்கு நீண்டகாலக் குடியிருப்புக்குத் தகுதி இருந்தது, தனி நபராக. இளையவரை அவருடைய பராமரிப்பாளராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தோம். மனநோய் உள்ளவர் எப்படிப் பராமரிப்பாளராக முடியும் என்று கோப்பு திரும்பி வந்தது. ஒரு வருடத்துக் கால்கட்டுப் பதிவையும் தவறாத ஊசிப் பதிவையும் வைத்து மறுபடி அனுப்பினோம். முடிவு வர நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களும் இருவரும் ஒரு பொது உறைவிடத்தில் இருந்தார்கள். மூத்தவரின் பாதத்தில் இன்னொரு கொப்புளம் வந்து, நல்லவேளையாக ஆறியது. 2022 நடுவில் ஒரே அறை கொண்ட குடியிருப்பு அவர்கள் இருவர் பெயரிலும் கிடைத்தது.

கடைசியாகப் பார்த்தபோது மூத்தவரின் மதிப்பெண் 60. நடக்கும்போது பாதம் சாய்வதால் முழங்கால் வலி தொடங்கியிருக்கிறது. பொருத்தமான காலணி ஒன்று செய்துதர இன்னும் முடியவில்லை. வேலை இல்லாமல் இருப்பதைத் தன் பெரிய குறையாகச் சொல்கிறார். இளையவர் வேலைக்குப் போகிறார், ஊசி தவறவில்லை.

மாற வேண்டியவை

முகாம் பதிவில் ஒருவரை ஒருவராக மட்டும் எழுதும் வழக்கம் மாற வேண்டும். இப்போது எங்கள் குழுவின் படிவத்தில், உங்கள் மருந்தை நினைவூட்டுபவர் யார், நீங்கள் யாருக்கு நினைவூட்டுகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகள் உண்டு. உறவுமுறை கேட்பதில்லை, பலருக்கு அந்தக் கேள்வியே புண்படுத்துவது. பதிலில் வரும் ஆள், முகாமிலும் மருத்துவமனையிலும் குடியிருப்பு விண்ணப்பத்திலும் கூடவே வர வேண்டும். எல்லாத் துணையும் நல்ல துணையாக இருப்பதில்லை என்பதும் உண்மை. அடித்துப் பிடுங்கும் துணையும் தெருவில் உண்டு. ஆகவே இந்தக் கேள்விகளைத் தனியாக உட்காரவைத்துத்தான் கேட்கிறோம்.

கழிப்பறையும் குழாயும் ஊரடங்கு வந்தால் கடைசியாக மூடப்பட வேண்டியவை. முகாம் திறப்பதற்குப் பல வாரங்கள் ஆகலாம். ஒரு பூட்டைத் திறக்க அரை மணி நேரம் போதும். கோரிக்கை மனுவில் இனி முதல் வரியாக இதைத்தான் வைக்கப்போகிறோம், மருத்துவக் காரணத்தோடு: தண்ணீர் குடிக்காமல் இருக்கும் சர்க்கரை நோயாளிகள், சிறுநீர்த் தொற்றோடு தவிக்கும் பெண்கள், கை கழுவ இடமில்லாத எல்லோரும்.

ஆபத்துப் பட்டியலுக்கான வயது வரம்பு, தெருவில் வாழ்வோருக்கு ஐம்பதாக இருக்கலாம். கட்டடங்களைப் பிரித்தால் பணியாளர்களையும் பிரிக்க வேண்டும்; இல்லாவிட்டால் வேலி, மனிதர்களை மட்டுமே தடுக்கும்.

வாழ்க்கைத் தர வினாத்தாளைத் தொடர்ந்து பயன்படுத்துகிறோம். எண்ணை எழுதிய பிறகு ‘ஏன்’ என்று கேட்டு, சொன்ன பதிலை அவர்களின் சொற்களிலேயே குறித்துக்கொள்வது இப்போது கட்டாயம். மதிப்பெண் முந்தையதைவிடக் குறைந்திருந்தால், ஆய்வக முடிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த வாரமே குழு கூடிப் பேசுகிறது.

நீண்டநாள் ஊசிகளுக்கு மருத்துவமனையோடு எழுத்துப்பூர்வமான ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். புறநோயாளிப் பிரிவு மூடப்பட்டால், ஊசி பெறுவோர் பட்டியலும் இரண்டு மாத இருப்பும் மூடப்படும் நாளன்றே எங்கள் செவிலியர் கைக்கு வரும். தாழ்சர்க்கரை ஆபத்துள்ள மாத்திரைகளை உட்கொள்ளும் தெருவாசிகளின் பட்டியலையும் அதோடு சேர்க்கக் கேட்டிருக்கிறோம். அது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.